லேபில் பாதி சிஸ்டத்துக்கு மட்டும் நெட் வருது, ரீஸ்டார்ட் பண்ணினா இடம் மாறுது

மலைமேல்_லேப் (கணினி ஆசிரியை, ஏற்காடு)
வணக்கம். மேல்நிலைப் பள்ளி லேபில் 18 சிஸ்டம், எல்லாமே விண்டோஸ் 10. ஒரு 24 போர்ட் சுவிட்ச், அதுக்கு ஃபைபர் மோடத்திலிருந்து ஒரு கேபிள். காலையில் ஆன் பண்ணினா பத்தில் நெட் வருது, எட்டில் வரல. ரீஸ்டார்ட் பண்ணினா வராத ஒன்றிரண்டில் வருது, வந்ததில் போயிடுது. நெட் வராத சிஸ்டத்திலிருந்து ஷேர்டு ஃபோல்டரும் திறக்கல, பசங்க எழுதின பைத்தான் ஃபைல்களை ஒரே இடத்தில் சேர்க்க முடியல. சுவிட்ச் லைட் எல்லாம் எரியுது. சுவிட்ச்சை மாத்தணுமா? கீழ் பிளாக்கில் தனியா 3 சிஸ்டம் இருக்கு, அதில் எப்பவுமே நெட் இல்லை.

அஞ்சுரோடு
சுவிட்ச் வேண்டாம் மேடம். எல்லாத்துக்கும் கையாலேயே ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் உள்ள தனி எண்) போட்டுடுங்க. 192.168.1.11 முதல் 28 வரை, கேட்வே (வெளியே நெட்டுக்குப் போற வழி, உங்க மோடம்) 192.168.1.1. வேலை முடிஞ்சுது.

கன்னங்குறிச்சி_வயர்
அப்படிப் போட்டா நோய் உள்ளேயே இருக்கும் சார். அந்த எண்களையே மோடம் யாரோட லேப்டாப்புக்காவது கொடுத்தா ரெண்டும் முட்டிக்கும்.

மேடம், நெட் வர்ற ஒண்ணு, வராத ஒண்ணு, ரெண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக், இடைவெளி, ஸ்லாஷ் ஆல் அடிங்க. ஐபிவி4 அட்ரஸ், டிஹெச்சிபி சர்வர் (சிஸ்டங்களுக்குத் தானா ஐபி கொடுக்கிறது)னு இருக்கிற ரெண்டு வரியை மட்டும் இங்க போடுங்க. கீழ் பிளாக்கிலும் ஒண்ணு பாருங்க.

மலைமேல்_லேப்
நெட் வர்றது: 192.168.1.104, சர்வர் 192.168.1.1.
வராதது: 192.168.0.103, சர்வர் 192.168.0.1.
கீழ் பிளாக்: 169.254-ல ஆரம்பிக்குது, சர்வர் வரியே இல்லை.

கன்னங்குறிச்சி_வயர்
உங்க நெட்வொர்க்கில் ஐபி கொடுக்க ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. சிஸ்டம் ஆன் ஆனதும் "எனக்கு ஐபி யார் தருவீங்க?"ன்னு எல்லாருக்கும் கேட்கும். எவன் முதல்ல பதில் சொல்றானோ அவன் கொடுத்ததை வாங்கிக்கும். அதனாலதான் இடம் மாறுது. ஸ்டாஃப் ரூமிலோ ஆபீஸிலோ யாராவது வைஃபைக்காக ஒரு சின்ன ரவுட்டரை மாட்டியிருப்பாங்க, சுவிட்ச்சிலிருந்து வர்ற கேபிளை அதோட லேன் போர்ட்டில் (உள்ளே இருக்கிற சிஸ்டங்களுக்கான போர்ட்) செருகியிருப்பாங்க. தேட வழி: 192.168.0 வாங்கின சிஸ்டத்தில் பிங் 192.168.0.1 -t (அந்த எண் பதில் சொல்லுதான்னு தொடர்ந்து கேட்கிற கட்டளை) ஓட விட்டுட்டு, சுவிட்ச்சில் ஒவ்வொரு கேபிளா கழட்டுங்க. எதைக் கழட்டினா பதில் நிக்குதோ அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. பிங் ஓடுற சிஸ்டத்தோட வயரையே கழட்டிடாதீங்க, அதுவும் நிக்கும்.

மலைமேல்_லேப்
ஸ்டாஃப் ரூம் ரவுட்டரேதான். ஆனா வைஃபை அங்க கண்டிப்பா வேணும்.

கன்னங்குறிச்சி_வயர்
இருக்கட்டும், வைஃபை மட்டும் கொடுக்கட்டும். அதைக் கழட்டி ஒரு லேப்டாப்போட மட்டும் இணைங்க. வரிசை முக்கியம்: முதல்ல ரவுட்டரோட லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்க. அந்தப் புது எண்ணில் திரும்ப உள்ளே போய் டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க. டிஹெச்சிபியை முதல்ல நிறுத்திட்டா லேப்டாப்புக்கே ஐபி கிடைக்காம வெளியே நிப்பீங்க. மோடம் கொடுக்கிற எண்கள் எதிலிருந்து ஆரம்பிக்குதுன்னும் பாருங்க, 2 அதுக்குள்ள வரக்கூடாது. பழையபடி லேன் போர்ட்டிலேயே செருகுங்க, வேன் (WAN, வெளி நெட்டுக்கான) போர்ட் காலியா இருக்கட்டும். அப்புறம் லேபை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணினா போதும். யாராவது ரீசெட் பட்டனை அழுத்தினா டிஹெச்சிபி மறுபடி முளைச்சுக்கும், பட்டன் மேல டேப் ஒட்டிடுங்க.

சரி பண்றதுக்கு முன்னாடி பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு பீரியட் இதைக் காட்டிடுங்க. இப்படி ஒரு பிராக்டிகல் தானா அமையாது.

அஞ்சுரோடு
ஏத்துக்கறேன் சார், இதுதான் சரி. 169.254-ன்னா ஐபி கேட்டு யாருமே பதில் சொல்லாம விண்டோஸ் தானா போட்டுக்கிட்ட எண். கீழ் பிளாக் கேபிள் எவ்வளவு நீளம் மேடம்?

மலைமேல்_லேப்
மரத்து மேல கட்டி சரிவில் இறங்குது, 130 மீட்டர் இருக்கும். அங்க இருக்கிற சின்ன சுவிட்ச்சில் அந்தக் கேபிளோட லைட் எரியல.

கன்னங்குறிச்சி_வயர்
காப்பர் லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். கிரிம்ப்பிங் (முனையில் பிளக் மாட்டுறது) புதுசா அடிச்சாலும் தேறாது. நடுவில் சுவிட்ச் வைக்கலாம், ஆனா சித்திரை இடிமழையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொண்ணுக்குப் போற காப்பர் வயர் ரெண்டு பக்கத்து சுவிட்ச்சையும் பொசுக்கும். ஃபைபர் டிராப் கேபிள் 150 மீட்டர், ரெண்டு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் சாதா லேன் கேபிளையும் இணைக்கிற பெட்டி, முனைக்கு ஒண்ணு) வாங்குங்க. டிராப் கேபிளோட தாங்கு கம்பி இரும்பு, அதை வெளிச்சுவர் ஹூக்கிலேயே வெட்டி நிறுத்தணும், உள்ளே கொண்டு போகாதீங்க.

அஞ்சுரோடு
சேலம் இறங்கி வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. ஒத்தை ஃபைபர் கன்வெர்ட்டர் ஏ, பின்னு ஜோடியா வரும். ஒண்ணு 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-ல வாங்கும், இன்னொண்ணு தலைகீழ். ரெண்டும் ஏ-வா கொடுத்துட்டா பவர் லைட் எரியும், லிங்க் வராது, திரும்ப 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கணும். கடையிலேயே ரெண்டையும் ஒரு சின்ன பேட்ச் கார்டில் (குட்டி ஃபைபர் கேபிள்) இணைச்சு லிங்க் லைட் பார்த்துட்டு வாங்குங்க.