பக்கத்து பெட் அண்ணாச்சி ஒரு வாரமா வரலை. தேடிப் போலாமா?

காலை_ஷிப்ட்:
டயாலிசிஸ்ல இருக்கவங்க, இல்ல வீட்ல யாருக்காவது ஓடிட்டு இருக்கவங்க சொல்லுங்க. எனக்கு 14 மாசமா ஓடுது. சேரன்மகாதேவியில முதல் பஸ் ஏறி திருநெல்வேலி. திங்கள், புதன், வெள்ளி, நாலு மணி நேரம்.

ஆரம்பிச்ச முதல் வாரம், மூணாவது மணி நேரத்துல இடது கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. சதை கல்லு மாதிரி உருண்டு நிக்கி. டெக்னீசியன் கடைசி பெட்ல யாருக்கோ பிரஷர் இறங்கிருச்சுன்னு அங்க நிக்கார். கையில ரெண்டு ஊசி, எந்திரிக்கவும் முடியாது. பக்கத்து பெட் பெரியவர், "ஏளா, அந்தத் தம்பி காலைப் பிடி"ன்னார். அவருக்கு இட்லி கொண்டு வந்த ஆச்சி தூக்குச்சட்டியைக் கீழ வச்சாங்க, முந்தானையில கையைத் துடைச்சாங்க, என் பாதத்தைப் பிடிச்சு விரலை என் முகத்தைப் பார்த்து மடக்கி அழுத்துனாங்க. எங்கம்மாவை விட மூத்தவங்க. கூசிப்போயி காலை உருவப் பார்த்தேன். "சும்மா கெட, இன்னும் விடலை"ன்னாங்க.

அதுக்கப்புறம் அண்ணாச்சிதான் எனக்கு வாத்தியார். காயை நறுக்கி நிறைய தண்ணியில ஊறப்போட்டு, வேகவச்சு வடிச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிரணும். பிஸ்டுலா, அதான் ஊசி போட ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தச்ச இடம், அது இருக்க கையில பை தூக்கக்கூடாது, யாரையும் பிரஷர் பார்க்க விடக்கூடாது. காலையில எந்திரிச்சதும் அதைக் காதுல வச்சு இரைச்சல் இருக்கான்னு கேக்கணும். ரொம்பத் தவிச்சா தண்ணி குடிக்காத, ஒரு ஐஸ் கட்டியை வாயில அடக்கு. தாமிரபரணிக் கரையில பொறந்துட்டு தண்ணியை அளந்து குடிக்கோம் பாருங்க. அவர் பாடு அதை விட மோசம். கல்லிடைக்குறிச்சி, அப்பளக்காரர். உப்பு ஆகாது, அப்பளத்தைப் பார்க்கத்தான் முடியும்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளி எனக்கு நடுக்கம். ரத்தம் வெளிய சுத்தி வர்றதுல அந்த ஏசி எலும்புல இறங்கும். தன் போர்வையை எடுத்து வீசினார். "திங்கக்கெழமை கொண்டா." திங்கள் வரலை. புதன், வெள்ளியும் வரலை. அவர் பெட்ல இப்ப வேற ஆள். சிஸ்டர்கிட்ட கேட்டா "வேற ஷிப்டா இருக்கும்"னுட்டு டிரேயைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அவர் ட்ரை வெயிட், அதான் உடம்புல தேங்கின தண்ணியெல்லாம் எடுத்தப்புறம் நிக்கிற எடை, 54 கிலோன்னு தெரியும். பேர் தெரியாது, போன் நம்பர் தெரியாது. கல்லிடைக்குறிச்சி எங்க ஊர்லருந்து பக்கம்தான். ஆனா ஒண்ணு ஆகியிருந்தா, போர்வையோட வாசல்ல போய் என்னன்னு நிப்பேன்? நல்லா இருந்தார்னா, இருக்காரா போயிட்டாரான்னு பார்க்க வந்தவன் மாதிரி ஆயிடாதா?

ஊசிக்காரன்:
நான் டயாலிசிஸ் டெக்னீசியன், வேற ஊர். ஒருத்தர் வரலைன்னா உடனே அதையே நினைக்காதீங்க. பிஸ்டுலா அடைச்சிருக்கலாம், கழுத்துல டியூப் போட அட்மிட் பண்ணிருப்பாங்க. காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில மஞ்சள் காமாலைக் கிருமி காட்டுனா தனி மெஷினுக்கு மாத்திருவோம், அதை மத்தவங்களுக்குச் சொல்ல மாட்டோம். மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் தமிழ்நாட்டுல 2008ல இருந்து நடக்குது, அதுல கிட்னிக்குப் பதிஞ்சு வச்சவங்களுக்கு அர்த்த ராத்திரியில போன் வந்து கிளம்பிப் போனதும் உண்டு.

சிஸ்டர் மேல வருத்தப்படாதீங்க. நான் ஒருதடவை உண்மையைச் சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன், கேட்டவருக்கு அங்கேயே பிரஷர் இறங்கிருச்சு. அதுலருந்து நானும் "வேற ஷிப்ட்"தான். போர்வையை ரிசப்ஷன்ல காட்டி, அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டு நீங்க கேட்டதாச் சொல்லச் சொல்லுங்க. நம்பர் கேக்காதீங்க, தர மாட்டாங்க.

கேகே74:
போகாதீங்க. எங்க தெருவுக்கே எங்கப்பா டயாலிசிஸ் பண்றது தெரியாது. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு மறைச்சு வச்சிருக்கோம். நீங்க போய் நாலு வீட்ல விசாரிச்சா அந்தக் குடும்பத்துக்குத்தான் சங்கடம்.

மல்லிகா_அக்கா:
என் வீட்டுக்காரர் மூணு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தார். போயி பதினாறு முடிஞ்ச மறுவாரம் முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன் வந்தான். பக்கத்து பெட்டாம். இவர் கடனாக் குடுத்த நாப்பது ரூபாயைத் திருப்பித் தர வந்தேன்னான். அந்தக் காசா முக்கியம்? இவர் அங்க சிஸ்டர்களுக்கு எல்லாம் பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுவார்னு சொன்னான். வீட்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன். அன்னிக்குத்தான் தெரியும் எனக்கு.

போயிட்டு வாங்க தம்பி. தெருவுல விசாரிச்சா அப்பளம் வாங்க வந்தேன்னு சொல்லுங்க, முடிஞ்சது. பழம், ஹார்லிக்ஸ் எதுவும் வாங்கிட்டுப் போயிராதீங்க, கிட்னிக்காரங்க வீட்டுக்குப் பழத்தோட வந்தவங்களைப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு.

காலை_ஷிப்ட்:
ரிசப்ஷன்ல போன் போட்டாங்க. ஆச்சிதான் எடுத்திருக்காங்க, "வரச் சொல்லு"ன்னுட்டு வச்சுட்டாங்களாம். நேத்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனேன்.

ஊசிக்காரன் சொன்னதுதான். பிஸ்டுலா அடைச்சு, கழுத்துல டியூப். இன்னும் கொஞ்ச நாளைக்கு வேற இடத்துலதான் ஓடுமாம். பாதியா இளைச்சிருக்கார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஏறிருக்க?" ரெண்டேகால் கிலோன்னேன். "சனி ஞாயிறு வந்தா உனக்கு வாய் நிக்காதே"ன்னு ஒரே ஏச்சு.

போர்வையை ஆச்சி வாங்கிக் கொடியில போட்டுட்டு உள்ள போனாங்க. அந்த வெயில்ல நடந்து வந்த எனக்கு நாக்கு ஒட்டிக்கிடக்கு, கேக்கவும் முடியலை. ஒரு சின்ன டம்ளரைக் கொண்டு வந்து கையில குடுத்தாங்க. உள்ள ரெண்டு ஐஸ் கட்டி.