கொக்குவில் வீட்டாக்கள் – ஃபோர்வேர்ட் போடாதேங்கோ

துஷி: எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி. நான் சனிக்கிழமையில போற நாய் பூனைக் காப்பகத்தில மாரி தொடங்கினா பின்பக்கக் கூட்டுக்குள்ள வெள்ளம் நிக்கும், குட்டியளை ஆரும் கேட்டு வருவினம், கிழடுகளை ஒருத்தரும் திரும்பியும் பாக்கிறேல்லை, அதால தை மாசம் வரைக்கும் வீட்டில வச்சுப் பாக்க ஆள் தேடுகினம். ஃபொஸ்டர் எண்டு சொல்லுறது. எங்கட நாயா எடுக்கிறேல்லை, காப்பகத்தின்ர பேரிலதான் இருக்கும், மருந்தும் டொக்டர் காசும் அவை குடுப்பினம், நாங்கள் சாப்பாடும் படுக்க இடமும் குடுத்தாக் காணும். ரெண்டு பேருக்கு இடம் வேணும். ஒரு நாய், ஒரு பூனை.

துஷி: 📷 போட்டோ

கோபி: பல்லைப் பாருங்கோ, எங்கட அப்பா மாதிரியே

குஞ்சியப்பா: டேய்

மாமி: கண் ரெண்டும் வெள்ளையாக் கிடக்கு. குருடோ?

துஷி: இல்லை மாமி, வயசுபோக கண்வில்லை இறுகி அப்பிடி நீலம் பூக்கும், கண்புரை வேற இது வேற. 11 வயசு மட்டில. நேற்றும் காகத்தைக் கண்டு குலைச்சது, எழும்பாமலே.

குஞ்சியப்பா: எனக்கு நாய்க்கதையே வேண்டாம். தொப்புளைச் சுத்தி 14 ஊசி போட்டவன் நான்.

மாமி: 14 எங்க போட்டனீ? அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரி மதிலால பாஞ்சு ஓடினது ஆர்? அப்பா சைக்கிள்ள துரத்திப் பிடிச்சவர்

கோபி: 😂😂 அப்பா இதைச் சொல்லவேயில்லை

துஷி: இப்ப அந்த ஊசியே இல்லை குஞ்சியப்பா, கையிலதான் போடுறது. இதுக்கு விசர் தடுப்பூசி போட்டாச்சு, கார்ட் இருக்கு.

மாமி: என்ர வீட்டில ரைல்ஸ். புது ரைல்ஸ்.

துஷி: அதுதான் மாமி பிரச்சினையே. மூட்டு வாதக்காரருக்கு ரைல்ஸ் வழுக்கும், பின்கால் ரெண்டும் ரெண்டு பக்கம் போயிடும், பிறகு எழும்பவே பயந்து படுத்த இடத்திலயே மூத்திரம் போகும், ஆனா நீட்டுக்குச் சாக்கு விரிச்சு விட்டா வடிவா நடக்கும்

மாமி: மூத்திரமோ

கோபி: அக்கா உங்களுக்கு விக்கத் தெரியேல்ல

மாமி: பூனை எண்டா யோசிக்கலாம். எலித் தொல்லை.

துஷி: அதுக்கு 13 வயசு மாமி, எலி வந்தா விலத்தி இடம் விடும். சிறுநீரகம் பழுது, வயசான பூனையளுக்கு நெடுக வாற வருத்தம்தான், சட்டி சட்டியாத் தண்ணி குடிக்கும், அவ்வளவையும் மண்பெட்டியில விடும்.

மாமி: ஏலாமக் கிடந்தா பாதிப் பனடோல் குடுக்கலாம்தானே

துஷி: ஐயோ மாமி குடுத்துப் போடாதேங்கோ!!! ஒரு குளிசை காணும் பூனை சாக. எங்கட ஈரல் மாதிரி அதின்ர ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது, ரத்தம் ஒக்சிசன் காவாமப் போயிடும். டொக்டர் தாறதை மட்டும்தான் குடுக்கலாம்.

மாமி: சரி சரி கத்தாதை

பெரியப்பா கனடா: நல்ல விசயம் துஷி. இங்க கிழட்டுப் பூனைக்கு மனுசருக்கு மாதிரிச் செலவழிக்கிறாங்கள். நான் 100 டொலர் அனுப்பிறன்.

துஷி: நன்றி பெரியப்பா. காசை விட இடம்தான் கஷ்டம். உங்கட விறாந்தை பழைய சீமெந்துதானே, வழுக்காது, சும்மா பூட்டித்தானே கிடக்கு...

குஞ்சியப்பா: திறப்பு என்னட்டை இருக்கெண்டு என்னைக் கேளாதேங்கோ. பிறகு இதுக்கும் கணக்குக் கேப்பினம், தேங்காய்க்குக் கேட்ட மாதிரி.

பெரியப்பா கனடா: தேங்காய்க் கதை இப்ப ஏன்? ஆர் அங்க போய்ச் சாப்பாடு வைக்கிறது எண்டதை யோசியுங்கோ.

மாமி: ஜிம்மிக்கு ஆர் அண்ணை வச்சது?

கோபி: 👀

மாமி: நீங்கள் பிளேன் ஏறி எட்டு மாசம் அந்தப் படலையடியிலதான் கிடந்தது. அம்மாதான் ரெண்டு நேரமும் புட்டைச் சொதியில குழைச்சுக் கொண்டு போனவ. ஒழுங்கைக்குள்ள வான் திரும்பினா எழும்பி நிக்குமாம். உங்கட வான் எண்டு.

பெரியப்பா கனடா: 🚫 இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

குஞ்சியப்பா: அதை விடுங்கோ. அப்பாவின்ர திவசம் 14ஓ 15ஓ? ஐயர் கேக்கிறார்

மாமி: 15. வாழையிலை இந்தமுறை நீ. நாய் அண்டைக்கு வீட்டுப் பக்கம் நிக்கேலாது, இப்பவே சொல்லிப்போட்டன்

கோபி: வைரவருக்கு வடைமாலை போடுவியள், வாகனத்துக்குப் படலைக்குள்ள இடமில்லை

மாமி: வாய்

அப்பம்மா: 🎤 குரல் பதிவு 0:52

கோபி: கிளாஸில இருக்கிறன், என்ன சொல்றா?

துஷி: புட்டு ஒரு பிடி கூட அவிக்கிறாவாம், பல்லில்லாததுக்குக் குழைச்சுக் குடுக்கலாமாம், நாய்க்குப் பேர் என்ன எண்டு கேக்கிறா. அப்பம்மா சொதி விடாதேங்கோ, வெங்காயம் நாய்க்குக் கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும்

அப்பம்மா: 🎤 குரல் பதிவு 0:06

துஷி: வெங்காயம் இல்லாம என்னடி சொதி, ஜிம்மி அதைத்தானே திண்டது எண்டு பேசுறா 😭

குஞ்சியப்பா: அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஆர் கூட்டித் துடைக்கிறது?

பெரியப்பா கனடா: தம்பி திறப்பைக் குடு. விறாந்தை மட்டும்.

குஞ்சியப்பா: ஞாயிறு வந்து நாயைப் பாக்கிறன். பாக்கிறது மட்டும்தான்.

மாமி: துஷி, அந்த மண்பெட்டி எவ்வளவு பெரிசு?

துஷி: மாமி??

மாமி: சும்மா கேட்டன்