மந்தைவெளிப் பாதை விவகாரம்: புதுப்பிப்பு

எங்க ஊர் மந்தைவெளிக்கு (ஆடு மாடு மேயுற ஊர்ப் பொதுத் திடல்) பக்கத்துல மனைப்பிரிவு போடுறவங்க, அந்தத் திடலுக்குக் குறுக்கே பாதை விடப் பார்க்குறாங்கன்னு எழுதியிருந்தேன்ல, அதோட இப்போதைய நிலவரம் இது.

எந்த நிலம் என்ன வகைன்னு சொல்ற வருவாய்த்துறையோட ‘அ’ பதிவேடு நகல் கிடைச்சிடுச்சு. ‘மந்தைவெளி புறம்போக்கு’ன்னு தெளிவா இருக்கு. சர்வேயர் வந்து அளந்தப்போ, மனைப்பிரிவுக்காரங்க நட்ட கல்லுல ரெண்டு, மஞ்சப் பெயின்ட் பளபளக்க, வேப்பமரத்தைத் தாண்டித் திடலுக்குள்ளயே நின்னுச்சு. கல்லைப் பிடுங்கிட்டாங்க, பாதை ஆசையைத்தான் விடலை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போட்டாச்சு. ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பணும்னு 2011-ல ஜக்பால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அதுல சேர்க்க வெச்சோம். தீர்மானத்தை எழுதி முடிச்ச பிறகுதான் கையெழுத்து. வெத்து நோட்டுல வாங்குற பழக்கம் உங்க ஊர்லயும் இருக்குமே!

பலரும் கேட்ட ஓஎஸ்ஆர் (மனைப்பிரிவுல பொதுவுக்கு விட வேண்டிய திறந்தவெளி ஒதுக்கீடு) பத்தி: 10,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனைப்பிரிவுல, ரோடு போக மீதியில 10% பொது இடமா தானப் பத்திரம் எழுதித் தரணும். அது அவங்க நிலத்துலேர்ந்து வரணும், மந்தையைக் காட்டிக் கணக்கை நேர் பண்ண முடியாது. இதையே எழுதி, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்குற டிடிசிபி-க்கு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆட்சேபனை கொடுத்திருக்கோம். ஒப்புகைச் சீட்டு கையில இருக்கு.