சாலை அகலமான பிறகு வேலியோரப் பறவைகள் அடிபடுகின்றன, என்ன செய்யலாம்?

கொரங்காட்டுக்காரி எழுதியது:

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதை ஒட்டிச் சாலை. முன்பெல்லாம் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். போன வருடம் அகலப்படுத்தினார்கள். ஓரத்துப் புளியமரங்களும் எங்கள் கிளுவை உயிர்வேலியும் போயின. வேலி இருந்த இடத்தில் இப்போது கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறோம். வண்டிகள் வரும் வேகத்தைப் பார்த்தால் வாசலில் நிற்கவே பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து பறவைகள் சாகின்றன. போன வாரம் ஒரு செம்போத்து. அது சற்றுத் தூரம் தாழப் பறந்து, உடனே இறங்கி நடக்கும் பறவை, உங்களுக்கே தெரியும். தார் விளிம்பில் ஒரு பக்க இறக்கை விரிந்தபடி கிடந்தது. செங்கல் நிறச் சிறகுகளில் ஒரு சிதைவும் இல்லை. அலகில் ஓணான் குட்டி ஒன்று அப்படியே இருந்தது. தான் தின்பதற்கு எடுத்ததாக இருந்தால் பிடித்த இடத்திலேயே விழுங்கியிருக்கும். குஞ்சுகளுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறது. முட்புதர்களில் தேடிப் பார்த்தேன், கூடு கிடைக்கவில்லை. இணைப்பறவை உயிரோடு இருப்பதால் குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும் என்று நம்புகிறேன். பயணம் புறப்படும்போது செம்போத்தைக் கண்டால் நல்ல சகுனம் என்று அப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

விடியற்காலையில் ஒரு கௌதாரிக் குடும்பம் எதிர்க்காட்டிலிருந்து எங்கள் பக்கம் நடந்து வரும். கௌதாரி முதலில் ஓடத்தான் பார்க்கும், வேறு வழியே இல்லையென்றால்தான் எழும். அதற்குள் சக்கரம் வந்துவிடுகிறது. குஞ்சுகளில் பாதிகூட இப்போது இல்லை.

ஊரில் இதைச் சொன்னால், "மனிதர்களே அடிபட்டுச் சாகிறார்கள், நீ கௌதாரிக்கு அழுகிறாயா?" என்கிறார்கள். ஆமாம், அழுகிறேன். மனிதர்களை அடிப்பதும் இதே வேகம்தானே? மயில் செத்தாலோ, தொல்லை விட்டது என்று பலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நானும் மக்காச்சோளம் போடுகிறவள், மயிலால் வரும் நட்டம் எனக்கும் உண்டு. அதற்காக அது சாலையில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்து நிம்மதி அடைய என்னால் முடியாது.

அடிபட்டுக் கிடப்பவற்றை என்ன செய்வது முறை? வேகத்தைக் குறைக்க யாரிடம் போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மானாவாரி விவசாயி எழுதியது:

அக்கா, செத்த பறவையைச் சாலையிலேயே விடாதீர்கள். அதைத் தின்ன காகமும் பருந்தும் நாயும் வரும், அடுத்த வண்டியில் அவையும் போகும். கையால் தொடாமல் மண்வெட்டியால் எடுத்துத் தள்ளிப் புதைத்துவிடுங்கள். மயில் என்றால் மட்டும் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். 1963இல் தேசியப் பறவையாக அறிவித்தது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது சாலையில் தானியம் அடிக்கிறார்களா? தை, மாசியில் கொள்ளையும் சோளத்தையும் தாரில் பரப்பி வண்டி ஏறவிடுவது எங்கள் ஊர் வழக்கம். எவ்வளவு கூட்டி அள்ளினாலும் கற்களின் இடுக்கில் மணி தங்கிவிடும். அதைப் பொறுக்கப் பகலில் புறாவும் மயிலும் வரும், இரவில் எலி வரும், எலியைப் பிடிக்க ஆந்தை வரும். ஊருக்கு உலர்களம் கட்டிய பிறகு சாலையில் புறா கிடப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. களம் கேட்டு கிராம சபையில் பேசுங்கள், விவசாயிகளும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

இரவு லாரி எழுதியது:

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி இரவில் ஓட்டுகிறேன், உங்கள் சாலை வழியாகவும் வருவேன். ஓட்டுநர்கள் எல்லோரும் இரக்கமில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள் அக்கா. பக்கி என்கிற இராப்பறவை இரவில் சாலை நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தரையோடு தரையாகச் சிவப்பாக மின்னும் கண்கள் மட்டும்தான் தெரியும். ஹாரன் அடித்துப் பயனில்லை. தூரத்திலேயே விளக்கைத் தாழ்த்தி வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் எழுந்து போய்விடும். முதல் தடவை நெருங்கிய பிறகுதான் பார்த்தேன். அந்தச் சின்னச் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது.

ஆனால் பறவைக்காக ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள், பைக்கில் வருபவர் உயிர் போய்விடும். பலகை வைத்தாலும் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். வேகத்தடையைக் கண்டால்தான் கால் பிரேக்குக்குப் போகும்.

கூகை நேசன் எழுதியது:

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. 40இல் வந்தால் 11 மீட்டர். தோகை வளர்ந்த ஆண் மயில் தரையை விட்டு எழுவதற்கு அந்த ஒரு விநாடிதான் எல்லாம்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் சாலைகளில் பறவைகள் எவ்வளவு தூரத்தில் வண்டி வரும்போது எழுகின்றன என்று பார்த்தார்கள். எதிரே வரும் வண்டியின் வேகத்தைவிட, அந்தச் சாலையின் வேக வரம்பை ஒட்டியே அவை எழுந்தன. அதாவது சாலையைப் பழகி வைத்திருக்கின்றன. உங்கள் கௌதாரிகள் பழகியது பழைய சாலையை என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளுவை வேலி போனதும் பெரிய இழப்பு. சாலையோரம் உயரமாக, அடர்த்தியாக வேலி இருந்தால் கூகை அதைத் தாண்ட மேலே எழும்பியே ஆக வேண்டும், வண்டிக்கு மேலே போய்விடும். கம்பி வேலியென்றால் தாழவே பறந்து நேராக முகப்பில் மோதுகிறது. நடந்து கடக்கும் கௌதாரிக்கு வேலி உதவாது, அதற்கு வேகம் குறைவது ஒன்றே வழி. அடிபட்ட ஒவ்வொன்றையும் படமெடுத்துத் தேதி, இடம், நேரத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிந்து வையுங்கள். மனு கொடுக்கும்போது வருத்தத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஆதாரத்தைக் காட்டினால் எழுதிக்கொள்வார்கள்.

கொரங்காட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதை ஒருவர்கூட அற்பமாக நினைக்காததே பெரிய ஆறுதல். மழைக்கு முன்பு கம்பியை ஒட்டிக் கிளுவைப் போத்து, அதாவது கிளைத் துண்டுகள், நடப்போகிறோம், பக்கத்துக் காட்டில் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே 1 கிராம சபையில் உலர்களத்தையும் வேகத்தடையையும் சேர்த்தே கேட்கிறேன். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போவேன்.

லாரித் தம்பி, கௌதாரி கடப்பது வாய்க்கால் பாலத்தை அடுத்த வளைவில். வேகத்தடையை எங்கே கேட்பது?

இரவு லாரி எழுதியது:

வளைவுக்குள் கேட்காதீர்கள் அக்கா, பாரம் ஏற்றிய வண்டி சாய்ந்துவிடும். வளைவுக்கு முன்பே, இரண்டு பக்கமும் கேளுங்கள். இரவில் தெரியும்படி வெள்ளைப் பட்டையும் ஒளிரும் வில்லையும் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.