புதுப்பிப்பு: தெருநாயைக் கண்டால் பாயும் ராஜபாளையம்

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: நாய்ப் பயிற்சி வேலைக்கு நான் புதிது, முதல் வாடிக்கையாளரின் இரண்டு வயது ராஜபாளையம் தெருநாய்களைக் கண்டாலே குரைத்துப் பாய்கிறது, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "தூரத்தைக் கூட்டு, குரைக்கும் முன்பே தீனி கொடு" என்ற யோசனைதான். ஆனால் மதுரைச் சந்துகளில் தூரத்துக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் ஆரம்பித்தோம். கீழே நாய் தெரிந்ததும் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு; அது மறைந்ததும் தீனியும் நின்றுவிடும். மூன்றாவது வாரம், கீழே நாயைப் பார்த்தவன் சட்டென்று திரும்பி எங்கள் கையைப் பார்த்தான்! அப்புறம்தான் மைதானம், சுமார் 40 மீட்டர் தள்ளி. இப்போது 12 மீட்டர் வரை அமைதி. அதற்குள் வந்தால் இன்னும் குரைக்கிறான். கழுத்துச் சங்கிலிக்குப் பதில் மார்புப் பட்டை போட்டிருக்கிறோம்.

எதிர்பாராதது இரண்டு. "முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டு" என்றவரை நான் அப்போது பொருட்படுத்தவில்லை, மன்னிக்கவும். ஐந்தாவது வாரம்தான் போனோம். இடது காதில் தொற்று. மருந்து போட்டபின் வீட்டுக்குள் இருந்த சிடுசிடுப்பும் குறைந்தது.

இன்னொன்று, உரிமையாளர் அண்ணன். தூரத்தில் நாய் தெரிந்ததுமே கயிற்றை இறுக்குவார். இவனுக்கு அதுவே சைகை. அவர் கையைத் தளர்த்தப் பழக்கத்தான் நாயை விட அதிக நாள் பிடித்தது.