மணல் அனிமேஷன்: கதையை முழுசா எழுதிவிட்டுத்தான் தொடங்கணுமா?

கண்மாய்க்கரை:

வணக்கம். மதுரைப் பக்கம் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். செமஸ்டருக்கு இரண்டு நிமிஷப் படம் ஒன்று செய்யணும், முழுக்கக் கையால் செய்த அனிமேஷன், வசனம் கிடையாது. எங்கள் ஊர்க் கண்மாயை எடுத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் நிறைகிறது, கோடையில் வற்றுகிறது, வெடித்த தரையில் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள், மறுபடி மழை. இவ்வளவுதான் இப்போதைக்குக் கையில் இருக்கிறது.

சார்ட் அட்டையில் வெட்டிய உருவங்கள், களிமண், மணல் எல்லாவற்றிலும் சில வினாடிகள் எடுத்துப் பார்த்தேன். களிமண்ணில் ஆட்கள் நன்றாக வருகிறார்கள், தண்ணீர் வரவே மாட்டேன் என்கிறது. மணலில் தண்ணீர் வற்றுவது அவ்வளவு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு பையனை நடக்க வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அவன் முகம் மாறிவிடுகிறது. அப்புறம் கல்லூரியில் முழு ஸ்டோரிபோர்டும் (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்) வரைந்து காட்டிய பிறகுதான் எடுக்கணும் என்கிறார்கள். எனக்கோ மணலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்து என்ன நடக்கணும் என்பதே தோன்றுகிறது. எந்தப் பொருளில் போகலாம், கதையை முதலிலேயே முடிவு செய்தே ஆகணுமா, இந்த இரண்டையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. போனில்தான் எடுக்கிறேன்.

வெளிச்சப்பெட்டி:

துடிப்பை முதலில் சரி செய்துவிடுவோம், அது சுலபம். போனை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை அதுவே புதிதாகக் கணக்குப் போடும். மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமன்), ஃபோகஸ் நான்கையும் பூட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், டியூப்லைட் துடிப்பு படத்தில் ஏறாது. பகல் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும், அதனால் ஜன்னலை மூடிவிட்டு ராத்திரியில் எடுப்பது நல்லது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால் அந்த வெளிச்சமும் கண்ணாடியில் விழும், கறுப்பு போடுங்கள். திரையைத் தொட்டுப் படமெடுத்தால் போன் ஆடும், பல போன்களில் இயர்போனின் வால்யூம் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும். ஃபேனை நிறுத்தியே ஆகணும், வேர்த்தாலும் வேறு வழியில்லை.

பொருள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, மணல்தான். உங்கள் கதை ஒன்று இன்னொன்றாக மாறுவதைப் பற்றியது. மணலில் அடுத்த ஃப்ரேம் வேண்டும் என்றால் இருக்கிற ஃப்ரேமை அழித்தே ஆகணும், திரும்பிப் போக முடியாது. கண்மாயும் அப்படித்தானே வற்றுகிறது? கீழே விளக்கு, மேலே கண்ணாடி, நடுவில் ட்ரேசிங் பேப்பர். மணல் கனமாக இருக்கும் இடம் கறுப்பு, மெல்லிசாக இருக்கும் இடம் சாம்பல், விரலால் வழித்த இடம் வெள்ளை. ஈர மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் வித்தியாசம் காட்ட இந்த மூன்றே போதும். ஆற்று மணலைக் கழுவி, காயவைத்து, ரவை சல்லடையில் சலித்து எடுங்கள். பழைய ஏடிஎம் கார்டை வைத்து வழித்தால் கரை கூர்மையாக வரும்.

கரோலைன் லீஃபைத் தேடிப் பாருங்கள். ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது அனிமேஷன் வகுப்பில் கடற்கரை மணலை ஒளிப்பெட்டியில் கொட்டி நகர்த்திப் பார்த்ததில்தான் அவருடைய முதல் படம் வந்தது, 1969-இல். பின்னால் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார், காயாமல் இருக்கக் கிளிசரின் கலந்த வண்ணத்தைக் கண்ணாடியில் தீட்டி, துடைத்து, தீட்டிப் படமெடுத்தார். அவர் பாத்திரங்களில் முகம் அவ்வளவு திட்டமாக நிற்காது, உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். உங்களுக்குக் குறையாகப் படுகிற அதே விஷயம்.

ஸ்டோரிபோர்டைப் பொறுத்தவரை, முக்கியமான ஆறேழு நிலைகளை மட்டும் வரைந்து கொடுங்கள். நிறைந்த கண்மாய், பாதி, சேறு, வெடிப்பு, கிரிக்கெட், முதல் தூறல். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படிப் போவது என்பதைக் கை பார்த்துக்கொள்ளும். கல்லூரி கேட்பதும் கிடைத்துவிடும், உங்கள் வழியும் மூடாது.

அட்டைக்கத்தி:

மணல் சரிதான். ஆனால் மேலே சொன்னவரோடு ஓர் இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. வற்றியது, நிறைந்தது என்பது நடந்த விஷயம் தம்பி, இன்னும் கதை ஆகவில்லை. யாருக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், யாருக்கு வேண்டாம்? கிரிக்கெட் ஆடுகிற பையனுக்குக் கண்மாய் வற்றினால்தான் மைதானம். மடை திறக்கக் காத்திருக்கிறவருக்கு அது நிறையணும். அந்தப் பையன் மடைக்காரர் வீட்டுப் பையனாகவே இருந்துவிட்டால்? மழை வருகிற அன்றைக்கு ஒரே வீட்டில் ஒருவர் சிரிப்பார், ஒருவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்புவான். வசனமே வேண்டாம். இதை மட்டும் தொடங்குவதற்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள். கை எவ்வளவு கண்டுபிடித்தாலும் இதைக் கண்டுபிடித்துத் தராது என்பது என் கருத்து.

முகம் மாறும் பிரச்சினைக்கு ஆட்களை மணலில் வரையாதீர்கள். கறுப்பு அட்டையில் வெட்டுங்கள். கீழிருந்து வெளிச்சம் வருவதால் அட்டையும் கறுப்பு, கனத்த மணலும் கறுப்பு, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அட்டையை நேரே மணல் மேல் வைத்தால் நகர்த்தும்போது மணல் கலையும், அதனால் நான்கு மூலையிலும் தீப்பெட்டி வைத்து இரண்டாவது கண்ணாடி ஒன்றை மேலே போட்டு, ஆட்களை அதில் நடக்க விடுங்கள். ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளிவந்த தன் முழுநீள நிழலுருவப் படத்தில் இப்படித்தான் கண்ணாடி அடுக்குகளை வைத்து வேலை செய்தார். கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும், மூட்டுகளில் கம்பி.

நம் தோல்பாவைக்கூத்தையும் போய்ப் பாருங்கள். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குப் பதப்படுத்துவார்கள், அதனால்தான் திரையில் வண்ணம் விழுகிறது. ஒரே பாத்திரத்துக்குக் காட்சிக்குத் தகுந்தாற்போல் வேறு வேறு பாவை வைத்திருப்பார்கள். நீங்களும் பையனை நிற்கிறவன், ஓடுகிறவன், உட்கார்ந்தவன் என்று தனித்தனியாக வெட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே பொம்மையில் மூட்டு போட்டுச் சமாளிக்க முயன்றால் அசைவு விறைத்துப்போகும். முகத்தைப் பக்கவாட்டில் மட்டும் வெட்டினால் மூக்கும் தாடையுமே ஆளைக் காட்டிவிடும்.

கண்மாய்க்கரை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, அக்கா (அண்ணாவா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்). இரண்டு கண்ணாடி வைத்து எடுத்துப் பார்த்தேன், ஆள் இப்போது ஆளாகவே இருக்கிறான். ஒன்று தானாக நடந்தது. பையன் அடித்த பந்தை மணலில் மேலே கொண்டுபோனேன், ஃப்ரேமின் உச்சிக்குப் போனதும் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் மேகம் ஆகிவிட்டது. அதிலிருந்தே மழை இறங்குகிறது. மடைக்காரர் அவன் தாத்தா என்று வைத்துவிட்டேன். ஆனால் வினாடிக்கு 24 படம் என்றால் இரண்டு நிமிஷத்துக்கு 2880 ஆகிறதே, நாள் போதாது.

வெளிச்சப்பெட்டி:

பந்து மேகமாவது பிரமாதம், அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு வையுங்கள், வினாடிக்கு 12 படம், மொத்தம் 1440. அதிலும் தாத்தா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அவரை அசைக்கவே வேண்டாம், கீழே மணலில் வெடிப்பு மட்டும் நகரட்டும். பந்து பறக்கிற ஒன்றிரண்டு வினாடிக்கு மட்டும் 24 எடுங்கள், அங்கே வழுக்கிக்கொண்டு போகணும்.

அட்டைக்கத்தி:

அக்காதான் :) சத்தத்தைக் கடைசிக்குத் தள்ளாதே தம்பி. மட்டையில் பந்து படுவது, மடைப்பலகை தூக்குவது, தவளை, இதையெல்லாம் ஊரிலேயே போனில் பதிவு செய்துகொண்டு வா. மட்டைச் சத்தம் எத்தனை ஃப்ரேம் நீளம் என்று தெரிந்தால் கையை எவ்வளவு நகர்த்தணும் என்று முன்பே தெரிந்துவிடும். மேல் கண்ணாடி 5 மில்லிமீட்டருக்கு வாங்கு, கடையிலேயே ஓரம் தேய்த்துத் தரச் சொல்.