1966-ஆம் ஆண்டின் காரேஜ் ராக் 45: தொடக்கத்தில் இரைச்சல், கடைசியில் பிசிறு, இடையே சுருதி ஆட்டம். உதவி தேவை

ஊசிமுனை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த கவுண்ட் ஃபைவ் என்ற காரேஜ் ராக் (இளைஞர் குழுக்கள் வாசித்த கரடுமுரடான ராக்) குழுவின் 'சைக்காட்டிக் ரியாக்‌ஷன்' பாடலை, டபுள் ஷாட் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஏழு அங்குலத் தட்டிலேயே (நிமிடத்துக்கு 45 சுழற்சி) கேட்க வேண்டும் என்று நெடுநாளாக விரும்பியிருந்தேன். அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடமிருந்து அண்மையில் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு வானொலி நிலையத்தில் இருந்த பிரதி போலும். லேபிளின் மேல் பேனாவால் எழுதிய அடையாளங்கள் இருக்கின்றன. மேற்பரப்பு பளபளப்பாக இருக்கிறது. ஆழமான கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒலி அப்படி இல்லை. ஊசியை வைத்தவுடன் முதல் ஓரிரு விநாடிகளுக்கு, மணலை வாரி இறைப்பது போன்ற இரைச்சல் கேட்டுப் பிறகு சட்டென்று அடங்கிவிடுகிறது. பாடலின் பிற்பகுதியில், குறிப்பாகத் தாளம் வேகமெடுக்கும் இடங்களில், எல்லாம் பிசிறடிக்கிறது. இவை தவிர, நீண்டு ஒலிக்கும் கிட்டார் சுரங்கள் சீரான இடைவெளியில் ஏறி இறங்குகின்றன.

கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறிப்பாக மாற்றும் பகுதி) ஆடியோ டெக்னிகா விஎம்95இ. ஊசியின் எடையை 2 கிராமில் வைத்திருக்கிறேன். பிற நெடுந்தட்டுகள் இதே கருவியில் தூய்மையாக ஒலிப்பதால் கோளாறு கருவியில் இல்லை என்று கருதுகிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் தட்டைக் கழுவினால் சரியாகுமா? இந்தப் பாடலில் கிட்டாருக்கு ஃபஸ் ஒலி (கருவி கொண்டு உண்டாக்கும் கரகரப்பு) வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருப்பதால், நான் கேட்கும் பிசிறு பதிவிலேயே உள்ளதா, தட்டின் தேய்மானமா என்றும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதே பொதியில் செஸ் நிறுவனத்தின் பத்து அங்குல ப்ளூஸ் தட்டு ஒன்றும், 78 சுழற்சி, வந்திருக்கிறது. அதை இன்னும் இசைக்கவில்லை. இதே ஊசியில் இசைக்கலாமா?

மோனோ மட்டும்

தம்பி, முதலில் அந்த ஆல்கஹாலை ஒதுக்கி வையுங்கள். செஸ் தட்டு ஷெல்லாக்காக (அரக்கு) இருந்தால் (அந்தக் காலத்து 78 தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஷெல்லாக்தான்) ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். இசை முழுவதும் மங்கிப்போகும், அதன் பிறகு மீட்க வழியே இல்லை. 45-ஐப் பொறுத்தவரை, அது எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமல் எந்தத் திரவத்தையும் ஊற்ற வேண்டாம்.

உங்கள் பிரதி ஸ்டைரீனாக இருக்கும் என்று ஐயப்படுகிறேன். அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த 45 தட்டுகளில் பல, வினைலைப் போல அச்சுகளுக்கிடையே அழுத்தப்பட்டவை அல்ல. உருகிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் செலுத்தி வார்த்தவை. வேகமாகவும் மலிவாகவும் செய்ய முடிந்தது என்பதுதான் காரணம். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் கூர்மையாகக் 'கிளிக்' என்று ஒலிக்கும். வினைலில் லேபிள் தாள் வெப்பத்தில் அழுந்தித் தட்டோடு ஒன்றியிருக்கும். ஸ்டைரீனில் அது பிற்பாடு ஒட்டப்பட்டிருப்பதால் ஓரம் சற்றே தூக்கியிருக்கக்கூடும். வளைத்துப் பார்க்க வேண்டாம், ஸ்டைரீன் உடைந்துவிடும். கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சிறு முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும், வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரையும் இருந்தால், அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் செய்யப்பட்டது. அந்த ஆலையின் 45 தட்டுகள் பெரும்பாலும் ஸ்டைரீனே.

தொடக்கத்து இரைச்சல் அழுக்கு அன்று. வானொலி அறிவிப்பாளர்கள் பாடலின் முதல் ஒலி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, ஊசியைத் தடத்தில் வைத்தபடியே தட்டை முன்னும் பின்னும் திருப்புவார்கள். ஸ்டைரீன் இந்த உராய்வைத் தாங்காது. முதல் சில சுற்றுகளின் சுவர்கள் அரைபட்டுப் போகும். இரைச்சல் சில விநாடிகளில் சட்டென்று நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் அதற்குச் சான்று, ஏனெனில் அழுக்கு அவ்வளவு ஒழுங்காக ஓரிடத்தில் நின்றுவிடாது. இதைக் கழுவிப் போக்க முடியாது. வானொலிப் பிரதிகளை விரும்பிச் சேகரிப்பவர்கள் இந்தக் குறையையும் சேர்த்தே வாங்குகிறோம்.

78 தட்டை உங்கள் இப்போதைய ஊசியில் இசைக்கவே கூடாது. உங்கள் ஊசிமுனை நெடுந்தட்டின் நுண்தடத்துக்கானது. 78-இன் அகன்ற தடத்துக்கு ஏறத்தாழ 3 மில், அதாவது 76 மைக்ரான் அளவுள்ள முனை தேவை. நுண்முனை தடத்தின் அடியில் இறங்கி அங்கே படிந்திருக்கும் துகளையெல்லாம் வாசிக்கும், முனையும் கெடும். உங்கள் கார்ட்ரிட்ஜ் உடலுக்கே பொருந்தும் 78 ஊசி அதே வரிசையில் தனியாகக் கிடைக்கிறது. அதற்கு எடையை 5 கிராம் அளவுக்கு உயர்த்த வேண்டும். டர்ன்டேபிளில் 78 வேகமும் இருக்க வேண்டும்.

ஊசிமுனை

ஐயா, மிக்க நன்றி. முக்கோணமும் எண்ணும் எம்.ஆர். முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. தட்டிப் பார்த்தபோது நீங்கள் சொன்ன கூர்மையான ஒலிதான் வந்தது. சொட்டு நீரும் கலக்காத உலர் தூரிகையால் மட்டும் துடைத்தேன். தொடக்கத்து இரைச்சலில் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே அதை ஏற்றுக்கொள்கிறேன். பிற்பகுதிப் பிசிறு பற்றிய கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது.

இரு சுவர்

நான் முக்கியமாகக் கருதுவது அந்தக் கேள்வியைத்தான். காரேஜ் தட்டுகளை வாங்குபவர்கள் பலர், 'இந்த இசையே கரடுமுரடானது' என்று சொல்லித் தேய்ந்த பிரதிகளை மன்னித்துவிடுகிறார்கள். அது அந்த இளைஞர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். 1962-இல் கிப்சன் நிறுவனம் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற ஃபஸ் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், குறிப்பாக 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' அதை உலகறியச் செய்த பின், ஃபஸ் என்பது நன்கு தேர்ந்து கையாளப்பட்ட ஒரு நிறம். அது எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரித்தறியும் வழி இதுதான். ஃபஸ் கிட்டாரில் மட்டும் இருக்கும்; பாடகரின் குரலிலும் சிம்பலிலும் ஹார்மோனிக்காவிலும் இராது. தேய்மானமோ உரத்து ஒலிக்கும் எல்லாவற்றையும் பற்றிக்கொள்ளும். பாடகர் 'ஸ' ஒலியை உச்சரிக்கும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே உமியைக் கசக்குவது போன்ற ஓசை கேட்டால் அது தட்டின் காயம். இன்னொரு சோதனை இன்னும் உறுதியானது. இது மோனோத் தட்டு, அதாவது இட, வலப் பக்கங்களுக்குத் தனித்தனி ஒலி இல்லாதது. ஆகவே தடத்தின் இரு சுவர்களிலும் ஒரே இசைதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் உட்சுவரை இடப் பக்கமாகவும் வெளிச்சுவரை வலப் பக்கமாகவும் வாசிக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் பேலன்ஸ் குமிழை முழுவதும் இடப்புறம் திருப்பிக் கேளுங்கள், பிறகு வலப்புறம். பதிவிலேயே உள்ள பிசிறாக இருந்தால் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். ஒரு பக்கம் கூடுதலாகப் பிசிறினால், பழைய காலத்துக் கனமான டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஒன்று அந்தச் சுவரை அதிகமாகத் தேய்த்திருக்கிறது என்று பொருள்.

பிற்பகுதியில் குறை கூடுவதற்கும் காரணம் உண்டு. ஏழு அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் தடம் ஊசியின் கீழே விநாடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 25 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அதே உச்ச ஒலிகள் குறுகிய இடத்துக்குள் நெருக்கப்படுவதால் ஊசி அவற்றைப் பின்தொடர்வதும் கடினம், தேய்மானமும் அங்கேதான் மிகுதி. மூன்று நிமிடப் பாடலின் வேகமான பகுதி கடைசியில் வருவது இந்தத் தட்டின் கெடுவாய்ப்பு.

கூம்பு வடிவ ஊசிக்கு மாறிப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. உங்கள் கார்ட்ரிட்ஜ் உடலில் விஎம்95சி ஊசி நேரடியாகப் பொருந்தும். 2 கிராமே போதும். நீள்வட்ட முனை சுவரில் தொடும் இடமும் கூம்பு முனை தொடும் இடமும் ஒன்றல்ல. பழைய ஊசி தேய்க்காத ஓர் உயரம் சுவரில் எஞ்சியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள இது வாய்ப்புத் தரும். ஸ்டைரீனுக்குக் கூம்பு முனையே ஏற்றது என்பது சேகரிப்பாளர்களிடையே பரவலாக உள்ள வழக்கமும்கூட.

மோனோ மட்டும்

இரு சுவர் அவர்கள் சொன்ன சோதனை அருமையானது. ஆனால் சோதனை முடிந்த பிறகு மோனோ பொத்தானை அழுத்தி இரு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தே கேட்க வேண்டும் என்பேன். மோனோத் தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது; ஊசியின் மேல்கீழ் அசைவாக வருவதெல்லாம் தூசியும் ஆலை இரைச்சலும்தான். இரண்டையும் சேர்க்கும்போது அந்த மேல்கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

இரு சுவர்

நல்ல பிரதிக்கு அது சரி, ஐயா. ஒரு சுவர் மட்டும் கெட்டிருக்கும் பிரதியில் இரண்டையும் சேர்த்தால், நல்ல சுவரின் மேல் கெட்ட சுவரின் பிசிறையும் ஏற்றுகிறோம். அத்தகைய தட்டுக்கு நல்ல பக்கத்தை மட்டும் எடுத்து இரு ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புவதே மேல். சற்றுக் கூடுதலான தூசிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பிசிறைப் பொறுக்க முடியாது. எது எந்தத் தட்டுக்குப் பொருந்தும் என்று காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

பெரிய துளை

சுருதி ஆட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 45 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி ஆகிறது. கிட்டார் சுரம் ஏறி இறங்கும் இடைவெளியும் அதே அளவாக இருந்தால், தட்டு மையம் விலகிச் சுழல்கிறது. பக்கவாட்டில் நின்று டோன்ஆர்மைப் பாருங்கள். உள்ளும் வெளியுமாக ஊசலாடும். அமெரிக்க 45-இன் துளை ஒன்றரை அங்குல விட்டம் கொண்டது என்பதால் நாம் நடுவில் அடாப்டர் வைக்கிறோம். பல அடாப்டர்கள் துளைக்குள் சிறிது தளர்வாகவே உட்காரும். மறுபக்கத்தையும் இசைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு ஆடினால் துளை அல்லது அடாப்டர்; ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்து அச்சே ஆலையில் விலகியிருந்தது.

எப்படி இருந்தாலும் மருந்து ஒன்றுதான். அடாப்டரையே எடுத்துவிட்டுத் தட்டை வெறும் விரிப்பின் மேல் வையுங்கள். துளை பெரியது, நடுக்கம்பி சிறியது. ஆகவே தட்டை எந்தப் பக்கமும் நகர்த்த இடமிருக்கிறது. இசைத்து, ஆர்ம் எந்த இடத்தில் வெளிப்புறம் போகிறது என்று பார்த்து, ஊசியை உயர்த்திச் சுழற்சியை நிறுத்திய பின், தட்டை மயிரிழையளவு எதிர்ப்புறம் தள்ளுங்கள். ஆர்ம் அசையாமல் நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். பெரிய துளையால் நமக்கு வாய்த்த நன்மை இது. சிறு துளையுள்ள நெடுந்தட்டில் இப்படிச் செய்ய முடியாது.

ஊசிமுனை

அனைவருக்கும் நன்றி. அடாப்டரை நீக்கி மையப்படுத்தியதும் சுருதி ஆட்டம் முற்றிலும் நின்றுவிட்டது. பேலன்ஸ் சோதனையில் இடப் பக்கம் மிகவும் பிசிறியது; வலப் பக்கம், கடைசிப் பகுதியைத் தவிர, வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஃபஸ் கிட்டார் தன் இடத்தில் நிற்க, குரல் அதற்கு முன்னால் தனியாகக் கேட்டது. கூம்பு ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன். இந்நிலையில் தட்டைத் திருப்பி அனுப்புவது முறையா? விற்பனையாளர் 'மிக நன்று' என்று தரம் குறித்திருந்தார்.

மோனோ மட்டும்

கண்ணால் பார்த்துத் தரம் குறித்தாரா, இசைத்துப் பார்த்துக் குறித்தாரா என்று மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள், தம்பி. ஸ்டைரீன் தட்டு தேய்ந்த பின்னும் பளபளப்பாகவே தெரியும்; அவர் ஏமாற்ற நினைத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. வலப் பக்கத்தின் ஒலி உங்களுக்கு நிறைவளித்தால் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு, இதை வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் விற்பனை மிகுந்த பாடல்களைப் பல ஆலைகளில் செய்தார்கள். ஒரே பாடலுக்கு ஸ்டைரீன் பிரதியும் வினைல் பிரதியும் இருப்பது வழக்கம். இந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது என்பதால் பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்து வாங்கும்போது வெற்றுப் பகுதியின் படத்தைக் கேட்டு வாங்கி, முக்கோண எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொடக்கத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.